யோம் கிப்பூர்: யார்கிட்ட மன்னிப்பு கேட்கணும்?

இன்னைக்கு யூதர்களோட யோம் கிப்பூர் பத்திப் பேசலாம். பாவப் பரிகாரத்துக்கான நாள். ஏறக்குறைய 25 மணி நேரம் சாப்பாடு, தண்ணி எதுவும் கிடையாது. ஜெப ஆலயத்துல பிரார்த்தனை நடந்துக்கிட்டே இருக்கும்.

அதுல ஒரு பாவ அறிக்கை வரும். எபிரேய எழுத்து வரிசைப்படி தப்புகளை ஒவ்வொண்ணா சொல்லி, நெஞ்சுல மெல்லத் தட்டிக்குவாங்க. "நான்"னு சொல்றதில்ல, "நாங்க"ன்னு சொல்வாங்க. ஊர் மொத்தமும் சேர்ந்து ஒத்துக்குற மாதிரி.

ஆனா சுமார் 1800 வருஷம் முன்னாடி தொகுத்த மிஷ்னாவுல ஒரு விதி இருக்கு. கடவுளுக்குச் செஞ்ச தப்புக்கு இந்த நாள் பரிகாரம். சக மனுஷனுக்குச் செஞ்சதுக்கு, முதல்ல அவரைச் சமாதானப்படுத்தணும். அவர் மறுத்தா? 12-ம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் எழுதுறார்: நண்பர்கள் மூணு பேரைக் கூட்டிட்டுப் போய்க் கேளு, மறுபடியும் கேளு, மூணாவது தடவையும் கேளு.

இதைப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. பழைய ஆபீஸ்ல நான் எழுதுன கோடால சர்வர் டவுன் ஆச்சு. மீட்டிங்ல திட்டு வாங்குனது ஒரு ஜூனியர் பையன். நான் வாயே திறக்கல. மனசுக்குள்ள நூறு தடவை ஸாரி சொல்லிட்டேன். அவனுக்கு ஒண்ணுகூடக் கேக்கல.

நேத்து அவனுக்கு கால் பண்ணேன். எடுக்கல. இன்னைக்கும் பண்ணுவேன்.

உங்க லிஸ்ட்ல யார் இருக்கா? யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.