ஆசிரியர் கைப்பொழுது
கல்விக் கொள்கையும் அரசுப் பள்ளியும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவு இது. எனவே தொடக்கப் பள்ளியைப் பற்றியே பேசுகிறேன். அண்மை ஆண்டுகளில் வந்த திட்டங்கள், ஆணைகள், தீர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியைக் கொண்டு பார்க்க விரும்புகிறேன். இவை ஆசிரியரின் பொழுதைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா?

1. எல்லை ஊரின் இரண்டு ஆசிரியர்கள்

1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனை உலகுக்குத் தந்த ஊர் நம் திருத்தணி. அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அந்த நாள் ஆசிரியர் தினம். தமிழ்நாட்டின் நல்லாசிரியர் விருதும் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

இன்னொருவரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மங்கலங்கிழார். இந்த வடவெல்லைச் சிற்றூர்களில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தவர். 1953இல் மறைந்தார். ம.பொ.சிவஞானமும் மற்றவர்களும் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதைக் காண மங்கலங்கிழாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் இணைப்பு வருவதற்கு முன்பே இங்குள்ள வீடுகளில் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஓர் ஆசிரியர் தம் பொழுதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை.

2. வந்திருக்கும் திட்டங்கள்

கொரோனா காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில், தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்ட நாள் 2024 ஜூலை 15. அந்த விழாவும் நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் நடந்தது.

மாநிலத்துக்கெனக் கல்விக் கொள்கை வகுக்க அமைந்த, நீதியரசர் முருகேசன் தலைமையிலான குழு 2024 ஜூலையில் அறிக்கை தந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. இருமொழிக் கொள்கை தொடரும். எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை. ஒன்றிய அரசோடு ஏற்பட்ட பிணக்கில், பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றியப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடாததால், 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதும் இதே காலத்துக் கதைதான்.

இவற்றுள் பலவும் நல்லவை. பசியோடு வரும் குழந்தைக்கு முதல் பாடம் ஏறாது என்பதை அறியாத ஆசிரியர் யார்? காலைச் சோறு வகுப்பறைக்குப் பொழுதைத் தந்த திட்டம். எல்லாத் திட்டமும் அப்படித் தருவதில்லை.

3. ஒரு கணக்கு

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அறுபது குழந்தைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி. ஐந்து வகுப்புக்கும் தனித்தனியே 800 மணி என்றால் மொத்தம் 4,000 மணி. இரண்டு ஆசிரியர்களும் ஒரு நாளும் தவறாமல் வந்து நின்றாலும் 1,600 மணிதான் கிடைக்கும். சட்டத்துக்குள்ளேயே 2,400 மணி துண்டு விழுகிறது.

தலைமையாசிரியர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் புறப்பட்டுப்போன ஒரு காலையில் அப்படிப்பட்ட பள்ளிக்குள் நுழையுங்கள். ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியை பொறுப்பில் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரோரம் கதைக்களம், படித்தல் களம், பொம்மலாட்டக் களம். குழந்தைகள் வகுப்புவாரியாக அல்ல, அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரிந்திருப்பார்கள். அரும்பு நிலையில் இருக்கும் ஒரு சிறுவன் விரலை மடக்கித் தெலுங்கில் எண்ணிவிட்டு விடையைத் தமிழில் சொல்வான். நான்கும் ஐந்தும் மறுபுறம் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கைபேசி ஒலிக்கும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் ஏதோ ஒரு விவரம் இன்று மாலைக்குள் ஏற வேண்டுமாம்.

பல வகுப்பை ஒன்றாக வைத்து நடத்தும் நிலையை மறைக்காமல், அதற்கேற்ற முறையை வகுத்ததுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் சிறப்பு. அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றும் பொழுது, அதே குழந்தைக்குக் கற்பிக்க வேண்டிய பொழுதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அதே கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. அதில் பாடத் தயாரிப்பு நேரமும் அடக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணி தரக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவேடும் புள்ளிவிவரமும் கல்விசார்ந்த பணி என்று பெயர் சூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டன.

4. டெட் என்னும் நெருக்கடி

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களை உலுக்கிவிட்டது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) வெல்ல வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறுபவர்கள் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு தாக்கல் செய்தது. பணியில் இருப்பவர்களுக்கெனச் சிறப்புத் தகுதித் தேர்வையும் அறிவித்தது.

2010க்கு முன்பு, அன்றைய விதிப்படி தகுதிபெற்று வேலைக்கு வந்தவரிடம், இத்தனை ஆண்டு கழித்து ‘உன் தகுதியை நிரூபி’ என்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. அந்த வாதத்தைச் சங்கங்கள் வைக்கட்டும், அரசு வைக்கட்டும். ஆனால் வழக்கை நம்பிப் புத்தகத்தை மூடிவைப்பது அறிவுடைமை ஆகாது. 150 வினா, 150 மதிப்பெண். அவற்றுள் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் பற்றியவை. அன்றாடம் செய்யும் வேலைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டால் போதும், அந்தப் பகுதி கைவசமாகும்.

படிக்கப் பொழுது எங்கே என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. தேர்வு எழுதச் சொல்லும் அமைப்பு, படிக்க நேரம் ஒதுக்கித் தரவும் கடமைப்பட்டது. குறுவள மையப் பயிற்சி நாள்களில் சிலவற்றை இதற்கே விட்டுக்கொடுத்தால் என்ன?

5. வாய்ப்புகள் எங்கே?

பொழுதைப் போலவே ஆசிரியரின் முன்னேற்ற வாய்ப்பையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 21 தேதியிட்ட அரசாணை 243, தொடக்கக் கல்வியில் ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது. இளையவர் சிலருக்குப் பதவி உயர்வு விரைவாகலாம். ஆனால் உயர்வோடு தொலைமாவட்டத்து இடமாறுதலும் வரலாம். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுப்போக முடியாத ஆசிரியைகளுக்கு அது உயர்வாகவே இருக்காது. ‘கனவு ஆசிரியர்’ திட்டத்தில் தேர்வானவர்கள் சிலர் 2024இல் பிரான்சுவரை சென்றுவந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 8,370க்குப் பதில் 5,200 என்று வைக்கப்பட்ட முரண்பாட்டை எந்தப் பயணமும் ஈடுசெய்யாது.

எல்லை ஆசிரியருக்கென்று தனி வாய்ப்பு ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். நம் வட்டாரத்திலோ வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் குழந்தைகள் ஏராளம். இரண்டும் தெரிந்த ஆசிரியர் அந்தக் குழந்தையின் தயக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். இந்தத் திறமைக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. எல்லை ஒன்றியங்களுக்கான கையேடுகளை எழுதும் பொறுப்பை இவர்களிடமே தர வேண்டும். பயிற்சி பெறுபவராக மட்டும் இருந்த ஆசிரியர், பயிற்சி தருபவராக உயர அதுவே வழி.

6. மூன்று வேண்டுகோள்

கல்வித் துறைக்கு: புதிய திட்டம் ஒன்று வந்தால், அதற்கு வாரத்துக்கு எத்தனை மணி ஆகும் என்பதை ஆணையிலேயே எழுதுங்கள். அந்த மணிக்கு ஈடாக எந்தப் பழைய பணி நீக்கப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை வெளியே அழைத்தால் மாற்று ஆள் அனுப்புங்கள்.

ஆசிரியர்களுக்கு: வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மகிழவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். அரசாணையைப் பதிவிறக்கி, எண்ணையும் தேதியையும் பார்த்து, முழுதும் படியுங்கள். நான்கு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து வாரம் ஒரு மாலை டெட் தேர்வுக்குப் படியுங்கள்.

ஊராருக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். ஆசிரியர் ஏன் வகுப்பில் இல்லை என்று கேட்கும்போதே, அவரை வெளியே அழைத்தவர் யார் என்றும் கேளுங்கள். கொள்கையை எழுதுவது தலைநகரமாக இருக்கலாம். அதை நிறைவேற்றும் பொழுது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. அந்தப் பொழுதைக் காப்பாற்றித் தருவது நம் எல்லோருடைய பொறுப்பு.