சீழ் பிடித்த செயற்கை இடுப்பு மூட்டு

செயற்கை இடுப்பு மூட்டு முதியோருக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்தியாவில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை நலிவதால், நாற்பது வயதிலேயே இம்மூட்டைப் பொருத்திக்கொள்வோர் பலர். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உருவாக்கிய முறை இன்று நாட்டின் பெருநகரங்கள் அனைத்திலும் வழக்கில் உள்ளது. பொருத்தியவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கு மூட்டில் நுண்ணுயிர் புகுந்துவிடுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டவர் அந்தமானின் கராச்சர்மாவில் வாழ்பவராயின், நோயோடு கடலும் ஒரு தடையாகிறது. சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

காய்ச்சல் இல்லாமலே இந்நோய் வரலாம். படுத்திருக்கும்போதும் விடாத வலி, தழும்பருகே கசிவு, இவையே பெரும்பாலும் முதல் அறிகுறிகள். உலோகத்தின்மீது நுண்ணுயிர்கள் மெல்லிய படலம் அமைத்து அதனுள் ஒடுங்குகின்றன. மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை. தொடக்க வாரங்களிலாயின் மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மாற்றினால் போதும் என்ற நிலை உண்டு. காலங்கடந்தால் மூட்டு முழுவதையும் அகற்றியாக வேண்டும்.

அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. நோய் எலும்பை அரித்திருக்கும்; தளர்ந்த தண்டு அசைந்து அசைந்து மேலும் தேய்த்திருக்கும்; பழைய சிமெண்டைப் பெயர்க்கும்போதும் சிறிது எலும்பு போகும். இளவயதினருக்கு இவ்விழப்பு பெரிது. பின்னாளில் மற்றோர் அறுவைக்கும் அந்த எலும்பே ஆதாரம். ஆகவே முதற்கட்டத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த சிமெண்டாலான தற்காலிக மூட்டு வைக்கப்படுகிறது. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை கழிந்து, நோய் அடங்கியதற்கான சான்று கிடைத்த பின்னரே நிலையான மூட்டு பொருத்தப்படும். குழிகளை நிரப்ப, பிறருக்கு அறுவையில் அகற்றிய தொடை எலும்பின் தலையைச் சோதித்து, எலும்பு வங்கியில் கடுங்குளிரில் காத்துவைத்துப் பொடித்து அழுத்துவர். இழப்பு மிகுந்தால் நுண்துளையுள்ள டைட்டானியக் கிண்ணமும் நீண்ட தண்டும் தேவைப்படும்.

இரு கட்டங்கள் என்றால் தீவினருக்கு இரு கடற்பயணம், அல்லது பெருநிலத்தில் மாதக்கணக்கான வாடகை வாழ்வு; கூலியும் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்கோல்ஸ் வழிவகுத்த ஒரே கட்ட முறையும் உண்டு. அதற்கு எலும்பும் தசையும் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும். நுண்ணுயிர் எதுவென முன்னரே தெரிந்திருப்பதும் நன்று. இங்குதான் கராச்சர்மா மருத்துவமனை போன்ற முதல்நிலை இடங்களின் பொறுப்பு தொடங்குகிறது. வலியோடு வருபவருக்கு உடனே மாத்திரை தருவது இரக்கமெனத் தோன்றும். மூட்டு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புமுன் தரப்படும் அம்மாத்திரை, நோயை அழிக்காமல் அதன் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடக்கூடும். நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தால், முதலில் செவ்வணுப் படிவு வேகம், சி-ரியாக்டிவ் புரதம் ஆகிய இரத்தச் சோதனைகள், பிறகு மூட்டு நீர், அதன்பின்னரே மருந்து. இரத்தத்தில் நஞ்சேறிய நிலையில் மட்டும் காத்திருத்தல் ஆகாது.

கப்பலேறுமுன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முதல் அறுவையின்போது மூட்டின் வகையும் அளவும் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டு நோயாளியின் ஏட்டில் ஒட்டப்பட்டிருக்கும். அது தொலைந்தால், பழைய தண்டை உருவுவதற்கு ஏற்ற கருவி எது என்பதையே அறுவை மருத்துவர் ஊகித்துத் தேட நேரிடும்.