நிழலுக்கு ஏது தீட்டு?

(புதுச்சேரியில் மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2019 டிசம்பர் 26. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்த நாள். நம் புதுச்சேரியில் பகுதி கிரகணம். என் அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. காலை எட்டு மணிக்கு முன்பே அம்மா அவரை உள்ளறையில் உட்கார வைத்து, ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டார். பதினோரு மணி தாண்டும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. "தாகமா இருக்கு" என்று அக்கா இரண்டு முறை சொன்னார். நானோ வாசலில் நின்று, தெருப் பிள்ளைகளுக்குச் சூரியக் கண்ணாடி கொடுத்துக் கிரகணம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொம்பு தண்ணீரை உள்ளே எடுத்துப் போகும் துணிச்சல் எனக்கு வரவில்லை. ஆய்வு மாணவன் என்று பெயர்!

பிறகு அம்மாவிடம் கேட்டேன். "கோயிலையே சாத்திடுறாங்களே" என்றார். எங்கள் ஊர்க் கோயிலுக்குள் எங்கள் தெருக்காரர்கள் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. நம்மை உள்ளே விடாத கோயில் கதவைச் சாத்தினால், நம் வீட்டு அடுப்பு ஏன் அணைய வேண்டும்?

முதலில் வானத்தில் நடப்பதைப் பார்ப்போம். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலவு வரும்போது அதன் நிழல் பூமியில் விழுகிறது. அவ்வளவுதான் சூரிய கிரகணம். சூரியன் நிலவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. ஏறக்குறைய 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவில் தெரிகின்றன. அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் வர வேண்டுமே? நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றின் அருகே அமாவாசை நேர்ந்தால் மட்டுமே கிரகணம்.

அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் பெயர்தான் ராகு, கேது. புராணம் அதை எப்படிச் சொல்கிறது? அமுதம் பரிமாறும்போது ஓர் அசுரன் தேவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்தான். சூரியனும் சந்திரனும் காட்டிக் கொடுத்தார்கள். அவன் தலை வெட்டப்பட்டது. பந்தி மாறி உட்கார்ந்தவனுக்குத் தண்டனை! இந்தக் கதையை நம் ஊர் டீக்கடைகளின் தனிக் குவளை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கதை சொன்னவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதற்குச் சாட்சி நம் புதுச்சேரி. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ, 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியதால் ஏமாந்து போனார். ஆனால் இங்கிருந்த தமிழர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். 1825இல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் 52 நிமிடம். அதன் பின்னுள்ள கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்பதையும் வாரன் பதிவு செய்கிறார்.

தோழர்களே, அந்த மனிதரின் நினைவாற்றலை நான் மதிக்கிறேன். ஆனால் அசுரன் கால அட்டவணை போட்டுக்கொண்டா வருவான்? நிமிடக் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிந்த ஒன்றைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்தினார்கள். கணக்கு சில குடும்பங்களுக்குள் தங்கிவிட்டது. பயம் மட்டும் எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கப்பட்டது. நமக்குப் பொதுக் கிணறு தராதவர்கள், பொதுவாகத் தந்தது இதைத்தான்.

கிரகணம் வெறும் நிழல் என்றேன். பேஷ்வாக்கள் ஆட்சியில், எதிரே இந்து ஒருவர் வந்தால் தீண்டப்படாதவர்கள் பொதுத்தெருவில் நடக்கக் கூடாது, அவர்கள் நிழல் பட்டால் தீட்டு என்றிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக்காட்டினார். நிழலுக்கு எடை இல்லை, நாற்றம் இல்லை. வெளிச்சம் மறைந்த இடம், அவ்வளவுதான். மனிதனின் நிழலில் தீட்டைக் கண்டுபிடித்த மூளைதான் நிலவின் நிழலிலும் தீட்டைக் கண்டுபிடித்தது. ஒன்றை எதிர்த்துக்கொண்டே இன்னொன்றுக்கு வீட்டில் இடம் கொடுக்க முடியாது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். அதே 2019 கிரகணத்தன்று கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், குணமாகும் என்று நம்பி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்தார்கள். பயம் ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்பில்தான் முதலில் இறங்குகிறது.

அடுத்த வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. அன்றைய முழு கிரகணம் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலில் முடியும். எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடம் 23 நொடி இருட்டு. 2009 ஜூலை 22இல் சூரத், பாட்னா வழியே சென்ற கிரகணத்தின் அதே தொடர்தான் இது. 18 ஆண்டு 11 நாள் கழித்துத் திரும்பி வருகிறது. இந்தியாவில் முழு கிரகணம் பார்க்க 2034 மார்ச் 20 அன்று லடாக் பக்கம் போக வேண்டும். 2027இல் நமக்குக் கிடைப்பது மாலை நேரப் பகுதி கிரகணம். கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நின்றால் ஒன்றும் தெரியாது. கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்க்க வேண்டும்.

வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். சாதாரணக் கூலிங் கிளாஸும் எக்ஸ்ரே படச்சுருளும் உதவாது. கிரகணத்துக்கென்றே தரச்சான்று பெற்ற கண்ணாடி வேண்டும். இது மூடநம்பிக்கை இல்லை. விழித்திரை எரிந்தால் பார்வை திரும்பாது, கிரகணம் இல்லாத நாளிலும் அப்படித்தான். கண்ணாடி இல்லையென்றால் ஒரு வேப்பமரம் போதும். இலை இடுக்குகளில் வரும் வெயில், தரையில் நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்களை வரைந்திருக்கும்.

பெரியார் திடலில் கிரகண நேரத்தில் கூடிச் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நாமும் அந்த மாலையில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு மரத்தடியைப் பிடிப்போம். சுண்டலும் தேநீரும் நம் வீட்டுப் பெண்கள் சமைக்காமல் நாமே செய்வோம். கர்ப்பிணிகளுக்கு முதல் நாற்காலி.

அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா என்று பார்க்கலாம். தண்ணீர்க் குடத்தை இந்த முறை நான் தூக்கி வருகிறேன்.

ஜெய்பீம்.