1255-ன்னு ஒரு நம்பர்

கடல் பாக்டீரியாவிலிருந்து புது வேதிப்பொருள் எடுக்கிறதுல எது கஷ்டம்னு நிறைய பேர் கேட்டீங்க. என் கதையையே சொல்றேன்.

கடலடிச் சேற்றிலிருந்து நான் வளர்த்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், தட்டு முழுக்க ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் படர்ந்தது. அதன் சாற்றில் ரெண்டு சொட்டு விட்டால் மற்ற பாக்டீரியாக்கள் காலி! எட்டு மாதம் உட்கார்ந்து அதைப் பிரித்தெடுத்தேன். கடைசியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டால், மூலக்கூறு எடை 1255. கைடு எட்டிப் பார்த்து, "ஆக்டினோமைசின்மா" என்றார். 1940-லேயே வாக்ஸ்மனும் உட்ரஃபும் மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த குடும்பம் அது. தப்பு என்னோடதுதான். எடையை முதல் வாரமே பார்த்திருக்கணும்.

அன்னைக்கு ராத்திரிதான் சாலினிஸ்போரா பற்றி ஒழுங்காகப் படித்தேன். பஹாமாஸ் கடலடி மண்ணில் கிடைத்தது. பொதுவாகக் கடல்நீர் கலந்த ஊடகத்தில்தான் அதை வளர்ப்பார்கள். கடலில் இருக்கும் இந்த வகை பாக்டீரியாவெல்லாம் நிலத்திலிருந்து அடித்து வந்தவைதான் என்று பலரும் நினைத்திருந்த காலம். ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஃபெனிகல், ஜென்சன் குழு அதை விடவில்லை. 2003-ல் அதிலிருந்து சாலினோஸ்போரமைடு ஏ வெளியானது. செல்லுக்குள் வீணான புரதங்களை நறுக்கும் புரோட்டியசோமையே அது அடைத்துவிடும். மூளைப் புற்றுநோய்க்கு மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், அங்கே கைகொடுக்கவில்லை. அது வேற வலி.

இப்போ என் தட்டுகள் எல்லாம் கடல்நீர் ஊடகம்தான். ஒரு வெளுத்த காலனி, பார்க்க ஒண்ணுமே இல்லை. ஆனா அதன் எடை எந்த டேட்டாபேஸிலும் பொருந்தலை. வியாழக்கிழமை என்.எம்.ஆர். ஸ்லாட் கிடைச்சிருக்கு.