அருமண் உலோகங்களைப் பிரிக்கும் புரதம்
அறக்கட்டளைச் சொற்பொழிவு, இரணைமடு

கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரையிலுள்ள கனிய மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் கலந்திருக்கின்றது. மின்மோட்டார்களின் காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் உட்பட, சீரியம், இலந்தனம் முதலிய அருமண் உலோகங்கள் அக்கனிமத்தில் பொசுபேற்றாகத் தோரியத்துடன் பிணைந்துள்ளன. இவ்வுலோகங்களில் சீரியம் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருப்பதால், இடர்ப்பாடு அவற்றின் அளவில் இல்லை. ஒரே மின்னேற்றமும் ஏறக்குறைய ஒரே பருமனும் கொண்ட அயன்களை ஒன்றிலிருந்தொன்று பிரிப்பதிலேயே இருக்கின்றது. இன்றைய ஆலைகள் இதற்காக அமிலக் கரைசலையும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களையும் நூற்றுக்கணக்கான கட்டங்களில் கலந்து பிரிக்க, கழிவு பெருகுகின்றது.

இவ்வேலையை ஒரு பற்றீரியா முன்னரே கற்றிருந்தது என்பது 2018-இல் தெரியவந்தது. இலைத்துளைகளின் வழியே கசியும் மெதனோலை உண்டு வாழும் இளஞ்சிவப்பு நிற மெதைலோபற்றீரிய இனமொன்று, அதனை எரிக்கும் நொதியங்களுள் ஒன்றுக்கு இலந்தனம் போன்ற உலோகத்தை வேண்டி நிற்கின்றது. அந்த இனத்திலிருந்து பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யோசப் கொட்ருவோவும் குழுவினரும் கண்டெடுத்த இலன்மொடுலின் என்னும் சிறு புரதம், கல்சியத்தைவிட அருமண் அயன்களைப் பத்துக் கோடி மடங்கு விருப்புடன் பற்றுகின்றது. இப்பேரினத்தைச் சேர்ந்தவை நெல்லிலையிலும் வாழ்கின்றன. இரணைமடுவின் கீழுள்ள சிறுபோக வயலொன்றின் இலையை, மெதனோல் மட்டுமே உணவாகச் சேர்த்த அகார்த் தட்டில் அழுத்தியெடுத்துச் சில நாள் வைத்தால், இலையின் வடிவிலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைக்கக்கூடும். ஆயினும் அவை யாவற்றிலும் இப்புரதம் உண்டெனக் கொள்ளலாகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சி தாங்கும் தெளிப்பாக உழவருக்கு வழங்குவதும் இத்தகைய பற்றீரியாவையே.

புரதத்தைச் சிறு அகரோசு மணிகளில் பிணைத்துக் குழாயொன்றில் நிரப்பி, அதன்வழி அமிலக் கரைசலைச் செலுத்தினால், இரும்பும் கல்சியமும் வழிந்தோட அருமண் அயன்கள் தங்கிவிடுகின்றன. பின்னர் அமிலத்தன்மையைக் கூட்டியதும் அவை விடுபட, குழாய் மீண்டும் பயன்படுகின்றது. 2023-இல் ஓக்கு மர மொட்டில் வாழும் பற்றீரியாவின் புரதம் இதனினும் நுட்பமானதெனக் காட்டப்பட்டது: இலேசான அருமண் உலோகம் பற்றும்போது அதன் மூலக்கூறுகள் இணையிணையாகச் சேர்ந்து பிடியை இறுக்குகின்றன, கனமான டிஸ்புரோசியம் வரும்போது இணை தளர்கின்றது. இவ்வேறுபாட்டால் நியோடிமியமும் டிஸ்புரோசியமும் ஒரே கட்டத்தில் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தூய்மையுடன் பிரிந்தன.

எனினும் இப்புரதத்தைப் புல்மோட்டைக்கான மருந்தென எண்ணுவது அவசரமாகும். மொனசைற்றைக் கொதிகாரத்தாலோ கந்தகவமிலத்தாலோ உடைத்த பின்னரே புரதத்துக்கு வேலை வருகின்றது. அதற்குள் கரை தோண்டப்பட்டிருக்கும், கதிரியக்கத் தோரியமும் கையில் இருக்கும். இலங்கையின் கனிமவளங்களை ஆராய்ந்த நாளில், 1904-இல், தோரியக் கனிமமான தோரியனைற்றைக் கண்டறிந்தவர் பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. தோரியம் இத்தீவுக்குப் புதிதன்று, அதனைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பே புதிது. பழைய கணினி வன்தட்டுகளின் காந்தங்களிலோ அதே நியோடிமியம் உண்டு, தோரியம் இல்லை. ஆதலால் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இணைந்து இத்துறையில் இறங்குமாயின், மணலுக்கு முன் மின்னணுக் கழிவைத் தொடுவதே பொருத்தம். அதற்கு ஆய்வுகூட மேசையில் நிற்கும் ஒரு குழாய் தொடக்கத்துக்குப் போதும்.