காய்ச்சல் விட்டதும் திடலுக்கா?



காய்ச்சல் விட்டுவிட்டது, தொண்டை வலியும் இல்லை. மகன் காற்பந்துக் காலணியைத் தேடுகிறான். “ஓடியாடினால் உடம்பு தெளியும்” என்று நாமும் அனுப்பி வைக்கிறோம். சாதாரணச் சளிக்கு இது சரியாக இருக்கலாம். சுரப்பிக் காய்ச்சலுக்குச் சரிவராது.

மோனோநியூக்ளியோசிஸ் என்று மருத்துவர்கள் கூறும் இந்நோய், பெரும்பாலும் 1964ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுக்கிருமியால் வருகிறது. எச்சில் வழியே பரவுகிறது. காய்ச்சல், கடும் தொண்டை வலி, கழுத்தில் வீக்கம், மிகுந்த அயர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இளம் வயதினரையே இது அதிகமாகப் பிடிக்கிறது.

இதில் நம் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று உண்டு. இடப்பக்க விலா எலும்புகளுக்குள் பாதுகாப்பாக இருக்கும் மண்ணீரல், நோயுற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வீங்கிவிடுகிறது. வீங்கிய மண்ணீரல், பந்தோ முழங்கையோ பட்டால் கிழியக்கூடும். சில வேளைகளில் அடிபடாமலேயே கிழிவதும் உண்டு. இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆனால் நேர்ந்தால், உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். பெரும்பாலும் முதல் 3 வாரங்களில் இது நிகழ்கிறது. அதற்குப் பின்னரும் சிலருக்கு நிகழ்ந்ததுண்டு.

ஆகவே, நோய் தொடங்கிய நாளிலிருந்து நாம் கணக்கிட வேண்டும். முதல் 3 வாரங்களுக்கு விளையாட்டும் வேண்டாம், பளு தூக்குவதும் வேண்டாம். பிறகு, காய்ச்சலும் அயர்வும் நீங்கியிருந்தால், மருத்துவரைக் கேட்டு மெதுவாக நடக்கலாம், ஓடலாம். காற்பந்து, ரக்பி, சிலாட் போன்று உடலோடு உடல் மோதும் ஆட்டங்களுக்கு 4 வாரமாவது பொறுப்போம். இன்னும் நாளாகும் என்று மருத்துவர் சொன்னால் அதையும் ஏற்போம்.

ஒருவருடைய வேகம் மற்றவருக்கு அளவுகோல் ஆகாது. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நோயால் அவதியுற்றார். அவ்வாண்டே அமெரிக்கப் பொதுப் போட்டியில் வென்றார். 2011இல் இந்நோய் கண்ட ராபின் சோடர்லிங்கோ மீண்டும் களமிறங்கவில்லை; 2015இல் ஓய்வை அறிவித்தார்.

வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியிலோ இடத் தோளிலோ திடீர் வலி, தலைசுற்றல், மயக்கம் தோன்றினால் தாமதம் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தவறவிட்ட ஆட்டத்தை அடுத்த பருவத்தில் ஆடிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதை நாம்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.