பண்டிதரைப் பற்றி ஒரு பக்கம்



1914 மே 5 அன்று அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். அந்த நாளையொட்டி நடக்கும் இந்த நினைவுப் பேருரையில் அவர் புகழைப் பேசுவதே வழக்கம். இந்த முறை வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். விக்கிப்பீடியா போன்ற ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி நியாயமாக எழுதுவது எப்படி என்பதே எங்கள் பொருள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இன்று ஒரு பள்ளி மாணவி கைப்பேசியில் ‘அயோத்திதாசர்’ என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது அப்படியொரு பக்கம்தான். அவர் யார் என்பதை அந்தப் பக்கத்தின் முதல் பத்தியே அவளுக்குச் சொல்லிவிடுகிறது.

நாங்கள் சிலர் கூடி அப்படியொரு பக்கத்துக்கு வரைவு எழுதினோம். எழுதும்போது எங்களுக்குள் எழுந்த சண்டைகளைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறோம்.

பண்டிதர் ஒரு சித்த மருத்துவர், இதழாசிரியர், அரசியல் அமைப்பாளர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சமயத் தலைவர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்தம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், டர்பன் என்று நம் மக்கள் பிழைக்கப்போன இடங்களிலெல்லாம் அதற்குக் கிளைகள் முளைத்தன. 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை ஆரம்பித்தார். ஓராண்டு கழித்து அது ‘தமிழன்’ ஆயிற்று. இறக்கும் வரை அவரே அதை நடத்தினார்.

இதுவரை சிக்கல் இல்லை. இவற்றுக்கு ஆதாரம் உண்டு, யாரும் மறுப்பதில்லை. ஆனால் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு விதி இருக்கிறது. வெளியான, நம்பத்தகுந்த நூல்களில் உள்ளதை மட்டுமே எழுத வேண்டும். எழுதுபவரின் சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. நல்ல விதிதான். ஆனால் நூல்களே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அது என்ன செய்யும்? பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியசின் தொகுப்பாகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது 1999இல். அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து. அதுவரை ‘தமிழன்’ இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள். அந்த இதழ்கள் கிடைத்திராவிட்டால், அதே நல்ல விதியின்படி பண்டிதருக்கு ஒரு பத்திகூடத் தேறியிருக்காது. ஆகவே விதியை மதிக்கிறோம். அது எல்லோரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

முதல் சண்டை வினைச்சொல்லில் வந்தது. பறையர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை வீழ்த்தியவர்களே அவர்களைத் தாழ்த்தினார்கள் என்பது ‘இந்திரர் தேச சரித்திர’த்தின் அடிப்படை. தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய பௌத்தப் பண்டிகை என்றார். எங்களில் ஒருவர் “என்று நிறுவினார்” என எழுதினார். இன்னொருவர் “என்று கற்பனை செய்தார்” எனத் திருத்தினார். இரண்டும் தீர்ப்பு. கல்வெட்டையும் அகழாய்வையும் கொண்டு வரலாறு எழுதுபவர்கள் அவருடைய சொல்லாராய்ச்சியை ஆதாரமாக ஏற்பதில்லை. அதே சமயம் வழக்காறுகளிலிருந்து வரலாற்றை மீட்கும் முயற்சியாக அதை மதிப்பிடும் ஆய்வாளர்களும் உண்டு. 1948இல் அம்பேத்கரும் தீண்டாமையின் தோற்றத்தை பௌத்தத்தோடு இணைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஆகவே “என்று எழுதினார்” என்று வைத்தோம். அடுத்த வாக்கியத்தில் இரு தரப்பும் சொல்வதைக் கொடுத்தோம். தமிழில் நம் சாய்வு பெரும்பாலும் வினைமுற்றில்தான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது சண்டை பட்டத்தில். “தந்தை”, “புரட்சியாளர்”, “மாமேதை” எல்லாம் வரைவில் இருந்தன. மடாதிபதிகளைப் பற்றிய கட்டுரையில் “ஜகத்குரு” என்று வந்தால் நாம் சும்மா இருப்போமா? அது அடியார்கள் அழைக்கும் பெயர், கலைக்களஞ்சியம் அப்படி அழைக்கக் கூடாது என்போம். அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். பட்டங்களை எடுத்தோம். எடுத்த கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. பட்டமே இல்லாமல் வாழ்ந்த சனத்துக்கு ஒரு பட்டம் கிடைத்து, அதையும் நாமே அழிப்பதா என்று ஒரு தோழர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஆறுதலான பதில் இல்லை.

மூன்றாவது, ஆங்கிலேய ஆட்சி. அவர் அந்த ஆட்சியைப் பாராட்டினார், சுதேசி இயக்கத்தைக் கடுமையாகச் சாடினார். இதை மறைக்கவும் கூடாது, வெறும் “ஆங்கில விசுவாசி” என்று முடிக்கவும் கூடாது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், எங்களையும் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் விடுங்கள் என்று கேட்டதையும், உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்கள் என்ற பதில் கிடைத்ததையும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்த நிகழ்வுக்கு நாங்கள் காட்டும் சான்று அவர் எழுத்துதான். எனவே “அவர் எழுதியபடி” என்று சேர்த்தோம். சுதேசியை ஏன் எதிர்த்தார் என்று கேட்கும் மாணவிக்கு இந்தப் பின்னணி தெரிய வேண்டும். காரணத்தைச் சொல்வதும் வக்காலத்து வாங்குவதும் ஒன்றல்ல.

இனி, இந்த உரையை எழுதவைத்த சண்டை.

வரைவை எங்கள் குழுவில் இருந்த அருந்ததியர் தோழர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தோழர், எங்க ஆளுங்களைப் பத்தி அவர் எழுதினது எங்கே?”

எங்களுக்குத் தெரியும். தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, தாழ்ந்தவர்கள் வேறு என்று பண்டிதர் பிரித்தார். பூர்வ பௌத்தர்கள் தாழ்த்தப்பட்டவர்கள். அருந்ததியர், குறவர், வில்லியர், தோட்டிகள் போன்றவர்களை இரண்டாவது வகையில் வைத்தார். இது வரைவில் இல்லை. கட்டுரை நீண்டுவிட்டது என்றோம். இவ்வளவு பெரிய எழுத்துக்குள் அது சில இடங்கள்தானே என்றோம். எதிரிகள் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னோம்.

அவர் சொன்னார்: “அவங்க எடுத்துக்குவாங்கன்னு பயந்து எங்களை விட்டுட்டீங்க.”

அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நம்மை வரலாற்றிலிருந்து விட்டார்கள் என்பதுதானே நம் இயக்கத்தின் முதல் புகார். அதையே நாங்கள் கட்டுரையின் நீளம் கருதிச் செய்திருந்தோம்.

சேர்ப்பது என்று முடிவாயிற்று. எங்கே சேர்ப்பது? ‘விமர்சனங்கள்’ என்று கடைசியில் ஒரு தலைப்புப் போட்டு அதில் வைக்கலாம் என்றார் ஒருவர். ஊருக்கு வெளியே சேரி வைத்ததுபோல் இருக்கும் என்றார் அந்தத் தோழர். முதல் பத்தியில் வைத்தால், நாற்பதாண்டுப் பொதுவாழ்வின் சாரமே அதுதான் என்றாகிவிடும். அதுவும் அநியாயம். கடைசியில், ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற அவருடைய கருத்தை விளக்கும் பத்தியிலேயே வைத்தோம். அவர் யாரையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அழைத்தார், யாரை வெளியே நிறுத்தினார் என்பது அங்கேதான் விளங்கும். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைக் கண்டித்திருக்கிறார்கள் என்பதையும், அவர் காலச் சூழலைக் காட்டி விளக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அதே இடத்தில் எழுதினோம். மூன்று வாக்கியம். அந்த மூன்றுக்கும் மூன்று வாரம் ஆனது.

படித்துவிட்டு அவர் எங்களைப் பாராட்டவில்லை. “இப்ப சரி” என்றார். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.

பண்டிதரைச் சிறுமைப்படுத்திவிட்டீர்கள் என்று இங்கே சிலருக்குத் தோன்றலாம். வைதிக சாத்திரங்களையும் புராணங்களையும் வரிவரியாகக் கேள்வி கேட்டவர் அவர். அவரைப் பற்றிய பக்கத்தில் கேள்வியே இருக்கக் கூடாது என்றால், நாமும் அவருக்கு ஒரு மடம் கட்டிவிட்டோம் என்றுதான் பொருள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய இதழோ, சங்கத்தின் துண்டறிக்கையோ, கல்யாணப் பத்திரிகையோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கொண்டுவாருங்கள். படியெடுத்துத் திருப்பித் தருகிறோம். அதைப் படித்து யாராவது நூல் எழுதுவார்கள். அந்த நூலைச் சான்றாக வைத்து எங்கள் பக்கத்தை யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறோம்.